மோட்டாருக்கு ஆர்டர் போடாதே, பாப்பா

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பொடியன் மூவரும் நலமாயிருக்க வேண்டும். அம்மாவின் முட்டிவலி முன்னைக்குத் தேவலை. மாடிப்படி ஏற வேண்டாம் என்றால் மட்டும் கேட்பதில்லை.

பொடியனுக்காக நீ அனுப்பிய ரிமோட் பொம்மைக் கார், அந்த பக்கி, வந்து சேர்ந்தது. ஓட்டிப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன், மறுபடி மாட்டியும் விட்டேன். போனில் "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டபோது அம்மா பக்கத்தில் நின்று, "இது பேரனுக்கா, உங்களுக்கா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் "நல்லாருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ கேட்டது அதுவல்ல என்று தெரியும். நீங்கள் மே மாதம் இங்கே வருவதற்குள் இன்னும் வேகமான மோட்டாராக மாற்றிவிடலாமா என்பதுதானே உன் கேள்வி? வேண்டாம். ஏன் என்பதை ஆற அமர எழுதுகிறேன்.

கொடுத்த காசுக்கு வண்டி மோசமில்லை. அடித்தட்டு அலுமினியம். நாலு சக்கரமும் இழுக்கிறது. முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரக் கூடு), நடுவில் நீள ஷாஃப்ட், உள்ளே உலோகப் பல்சக்கரங்கள். இந்த விலையில் பிளாஸ்டிக் பல் வைத்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் திறந்தேன், இல்லை. ஸ்டியரிங்கில் சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டாரை, அதாவது சர்வோவைக், காப்பாற்ற ஒரு ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறார்கள். சக்கரம் கல்லில் மோதினால் அடி நேராக சர்வோவின் பல்லுக்குப் போகாது. யாரோ வேலை தெரிந்தவர் வரைந்த வண்டி, அவசரத்தில் பூட்டிய வண்டி. குறை எல்லாம் பூட்டியதில் இருக்கிறது.

பெட்டியில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் 50 மீட்டரை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் கல் வைத்து, பக்கத்து வீட்டுப் பையனை ஸ்டாப்வாட்ச்சோடு நிறுத்தினேன். முன்னாலிருந்தே வேகம் எடுத்து வந்தும் அந்த 50 மீட்டரைக் கடக்க ஐந்து விநாடி பிடித்தது. கணக்குப் போட்டால் 36 கிலோமீட்டர். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஏழு வயதுப் பையன் கையில் 36 போதும், அதிகமும்கூட.

நீ சொன்ன 3300 கேவி பிரஷ்லெஸ் மோட்டாரை, அதாவது உள்ளே உரசுகிற கார்பன் பிரஷ் இல்லாத வகையை, எடுத்துக்கொள். ஒரு வோல்ட்டுக்கு 3300 சுற்று என்றால், இப்போதுள்ள 7.4 வோல்ட் பேட்டரியில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 24,420 சுற்று. மாப்பிள்ளை ஆசைப்படுகிற மூன்று செல் பேட்டரி, 11.1 வோல்ட், போட்டால் 36,630. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 36-ல் போகிற வண்டி 60-ல் போனால் மோதும்போது அடியின் சக்தி கிட்டத்தட்ட 2.8 மடங்கு. சக்கரத்தைப் பிடித்திருக்கிற அதே பிளாஸ்டிக் ஆர்ம், அதே மெல்லிய ஷாஃப்ட் அதைத் தாங்க வேண்டும். இன்னொன்று, இதில் ரிசீவரும் ஸ்பீடு கண்ட்ரோலரும் ஒரே போர்டு. அது பிரஷ் மோட்டாருக்கு மட்டும்தான் ஆகும். மோட்டாரை மாற்றினால் கண்ட்ரோலர் மாறும், ரிசீவர் மாறும், கையில் பிடிக்கிற ரிமோட்டும் மாறும். செலவு வண்டி விலையைத் தொட்டுவிடும். இதெல்லாம் ஆன பிறகும் பேரிங் அதே பேரிங்தான்.

அந்தப் பேரிங்குக்கு வருகிறேன். நாம் இருப்பது கடற்கரை ஊர். முப்பது வருஷத்துக்கு மேல் துறைமுகத்தில் படகு இன்ஜின் பிரித்தவன் சொல்கிறேன், இந்த ஊரில் ஓடித் தேய்ந்த சாமானைவிட உப்பு தின்று போன சாமான்தான் அதிகம். வண்டியில் இருப்பது இரண்டு பக்கமும் தகரமூடி வைத்த பேரிங். அந்த மூடி உள்வளையத்தைத் தொடாது, மயிரிழை சந்து விட்டிருக்கும். தார் ரோட்டுக்கு அது போதும். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலுக்கு அந்தச் சந்தே வாசல். உப்புக்காற்றில் ஊறின பொடிமணல் உள்ளே போய் கிரீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். கையில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஒன்று ஏற்கனவே கரகரவென்றது. ரப்பர் சீல் வைத்த பேரிங்காக மாற்ற வேண்டும். ரப்பர் உள்வளையத்தில் ஒட்டி நிற்பதால் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும், வேகத்தில் ஒரு துளி குறையலாம். அதைப் பார்க்காதே. வெர்னியர் வைத்து அளந்து, எந்த இடத்துக்கு எந்த அளவு என்று தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எவர்சில்வர் பேரிங் என்று விற்பதும் உண்டு. கிடைத்தால் நல்லது, ஆனால் சீல்தான் முக்கியம்.

பேரிங்கில் டபிள்யூடி-40 அடிக்காதே என்று மாப்பிள்ளையிடம் சொல். உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். அன்றைக்கு வண்டி பறக்கும், அடுத்த வாரம் பேரிங் கத்தும்.

மோட்டாரிலும் ஒரு சங்கதி பார்த்தேன். கடற்கரையில் கருப்பாகக் கோடு கோடாக மணல் படிந்திருக்குமே, அதற்குள் காந்தத்தை விட்டுப் பார். முடி முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதில் மேக்னடைட் இருக்கிறது. மோட்டாருக்குள்ளே இருப்பதும் காந்தம், டப்பாவைச் சுற்றிக் காற்று போக ஓட்டை. அந்தக் கருமணல் உள்ளே போனால் லேசில் வெளியே வராது. இப்போதைக்கு அம்மாவின் பழைய நைலான் காலுறையில் ஒரு துண்டு வெட்டி மோட்டாரின் மேல் உறை போட்டிருக்கிறேன். காற்றோட்டம் கொஞ்சம் குறையும். அதனால் ஒரு பேட்டரி தீர்ந்ததும் உடனே அடுத்ததைப் போடாமல், விரல் வைத்துப் பார்த்துச் சூடு தாங்குகிறதா என்று தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும்.

மணலில் மோட்டார் திணறுவதற்கு மருந்து பெரிய மோட்டார் இல்லை, சின்ன பினியன், அதாவது மோட்டார் தண்டில் இருக்கிற குட்டிப் பல்சக்கரம். இரண்டு பல் குறைந்ததாகப் போட்டால் உச்ச வேகம் குறையும், இழுவை கூடும், சூடு குறையும். செலவும் கொஞ்சம்தான். பினியனை மாட்டும்போது அது சுற்றுகிற பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரோடு ஒட்டி நெரித்து வைத்துவிடக் கூடாது. இரண்டு பல்லுக்கும் நடுவே நோட்டுத்தாளில் ஒரு கீற்று கிழித்து வைத்து, மோட்டாரைத் தள்ளி இறுக்கிவிட்டு, தாளை உருட்டி எடுத்துவிட வேண்டும். தாளின் தடிமன்தான் இடைவெளி. வந்தபோது இடைவெளியே இல்லாமல் இருந்தது. வீலென்று கத்துகிற அந்தச் சத்தத்தைத்தான் பொடியன் வீடியோவில் கேட்டு "ரேஸ் கார் மாதிரி கத்துது தாத்தா" என்று குதித்தான். இப்போது அந்தச் சத்தம் இல்லை. அவனுக்கு ஏமாற்றமாக இருக்கும், நீதான் சமாளிக்க வேண்டும்.

பினியனைப் பிடிக்கிற தலையில்லாத குட்டி ஸ்க்ரூ, கிரப் ஸ்க்ரூ, கையாலேயே சுழன்றது. எல்லா ஸ்க்ரூவையும் எடுத்து, துடைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கிற பசையான நீல லாக்டைட் வைத்து மாட்டினேன். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. இரும்பும் இரும்பும் சேருகிற இடத்துக்கு மட்டும்தான் லாக்டைட். பிளாஸ்டிக்கில் இறங்குகிற ஸ்க்ரூவுக்கு வைத்தால் சில பிளாஸ்டிக் வெடித்துப் போகும். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடுகிற கை, அதனால்தான் சொல்கிறேன்.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் பாதிதான் இருந்தது, மீதி காற்று. அமுக்கினால் கொளக் கொளக் என்றது. அப்படியிருந்தால் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டி தவளை போலத் துள்ளிக் கவிழும். சிலிக்கான் எண்ணெய் வாங்கி, மூடாமல் வைத்து, தண்டை மெதுவாக ஏற்றி இறக்கிக் குமிழி எல்லாம் வெளியேறின பிறகு மூட வேண்டும். பொறுமையான வேலை. என்னிடம் இன்ஜின் ஆயில் டின் டின்னாக இருக்கிறது, ஆனால் ஊற்றமாட்டேன். உள்ளே எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஓ-ரிங் எந்த வகை ரப்பர் என்று தெரியாது, சில ரப்பர் அதில் ஊதிப்போகும். வெயிலிலும் குளிரிலும் சிலிக்கான் எண்ணெயின் கெட்டித்தன்மை அதிகம் மாறாது என்பதும் ஒரு காரணம். நம் ஊர் மே மாத வெயில் உனக்குத் தெரியாததில்லை.

நீ போனில் தமியா கம்பெனியின் கிராஸ்ஹாப்பர் என்ற பழைய ரிமோட் பக்கியின் கதை சொன்னாயே, அதிலேயே விடை இருக்கிறது. 1984-ல் ஜப்பான்காரன் விட்ட அந்த மலிவு வண்டியில் சின்ன 380 மோட்டார், ஷாக்கில் எண்ணெய் கிடையாது. அதே வருஷம் கிட்டத்தட்ட அதே அடித்தட்டில் ஹார்னெட் என்ற வண்டியை விட்டான். அதில் பெரிய 540 மோட்டார். ஆனால் மோட்டாரை மட்டும் பெரிதாக்கி விட்டானா? பின்னால் எண்ணெய் ஷாக்கும் சேர்த்துத்தான் வைத்தான். செய்தவனுக்கே அந்த வரிசை தெரிந்திருக்கிறது.

இதைப் படிக்கப் போய் ஆள் உட்கார்ந்து மணலில் ஓட்டுகிற நிஜ பக்கியைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். 1964-ல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர்தான் ஃபைபர் உடம்பு வைத்த மேங்க்ஸ் பக்கியைச் செய்தவர். அவர் அதற்கு முன் ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருந்தவராம்! நம் துறைமுகத்தில் வரிசையாக நிற்கிறதே, அந்த ஜாதிப் பொருள்தான். ஃபோக்ஸ்வேகன் இன்ஜினைப் பின்னால் வைத்து, எடையைக் குறைத்து, 1967-ல் மெக்சிகோவில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த நேரத்தை முறியடித்திருக்கிறார். குதிரைசக்தியால் இல்லை. அம்மாவிடம் சொன்னேன், "அவரும் வீட்டில் சாப்பிட வராமல்தான் செய்திருப்பார்" என்றாள்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. லித்தியம் பாலிமர் செல் நிறைந்தால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. 3.3-க்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும், 3-க்குக் கீழே போனால் செல் கெட்டது. கூட வந்த யுஎஸ்பி சார்ஜரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். இரண்டு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிரப்புகிற பேலன்ஸ் சார்ஜர் வேண்டும். இது 1500 எம்ஏஎச், 1.5 ஆம்பியரில் ஏற்றினால் போதும். ஊருக்குத் திரும்பும்போது முழுசாக நிரப்பி வைத்துவிட்டுப் போகாதே, செல்லுக்கு 3.8-ல் வைத்துவிட்டுப் போ. உப்பிப்போன பேட்டரியைப் பொடியன் கண்ணில் காட்டாதே, ஊசியால் குத்திப் பார்ப்பான்.

எங்கே ஓட்டுவது என்று கேட்டாய். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வேண்டாம், பேரிங் மாற்றினாலும் வேண்டாம். ஈரமணல் கெட்டியாக இருப்பதால் அங்கே வண்டி அழகாகப் போகும், ஒரு அலை வந்தால் கதை முடிந்தது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வருகிற கரை அது, அந்த மாதங்களில் கேட்கவே வேண்டாம். கேப்பர் மலைப் பக்கம் செம்மண்ணும் சரளையும் கலந்து கிடக்கிறது. வண்டிக்கு அதுதான் சரியான தரை. மேடு பள்ளம் இயற்கையாகவே இருக்கிறது, உப்பு இல்லை. காலையில் ஏழு மணிக்குள் போய்விட்டால் வெயிலும் இல்லை. வந்ததும் வண்டியைக் குழாயில் கழுவ விடமாட்டேன், பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்தால் போதும்.

வரும்போது வாங்கி வர வேண்டியது: தாளில் எழுதின அளவுக்கு ரப்பர் சீல் பேரிங், இரண்டு பல் குறைந்த பினியன், ஷாக் எண்ணெய், பேலன்ஸ் சார்ஜர், அதே 7.4 வோல்ட்டில் இன்னொரு பேட்டரி. டயர் இப்போதைக்கு இருப்பதே சரளைக்குப் பிடிக்கிறது. டிஃபரன்ஷியலில் கெட்டி கிரீஸ் நானே வைத்துவிடுகிறேன், லேசான கிரீஸ் இருந்ததால் ஒரு சக்கரம் மேலே தூக்கினால் அது மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் கெட்டி, பின்னால் கொஞ்சம் இளக்கம்.

ஒரு வருஷம் இப்படி ஓடட்டும். அதற்குள் எந்தெந்தச் சாமான் முதலில் உடைகிறது என்று தெரிந்துவிடும். அதை இரும்பில் மாற்றிவிட்டு அப்புறம் உன் பிரஷ்லெஸ்ஸைப் பார்ப்போம். மோட்டாருக்கு ஏற்கனவே ஆர்டர் போட்டிருந்தால் இன்றைக்கே கேன்சல் பண்ணு. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல். பொடியனிடம் மட்டும் 36 என்று சொல்லாதே, 60 என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

அம்மா முந்திரி வாங்கி வைத்திருக்கிறாள். பேருந்தா ரயிலா என்று முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
அப்பா