பெரியது வாங்கு என்று சொல்லும் முன்

மீனாட்சிபுரத்துக்கு அருகே அறுவடை முடிந்த வயலில் ஞாயிறுதோறும் ரேடியோ ரிமோட்டில் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டர் பறக்கவிடும் மூத்த அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பிளேடுகளையும் ஒரே எடைக்குக் கொண்டுவருவதை எனக்குக் கைப்பிடித்துக் கற்றுத் தந்தவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

சென்ற மாதம் ஒரு பையன் வந்தான். உள்ளங்கை அளவு ஹெலிகாப்டரை வீட்டுக்குள் ஓட்டிப் பழகிவிட்டதாகவும், அடுத்துப் பெரியதாக எதை வாங்கலாம் என்றும் கேட்டான். உங்களில் மூன்று பேர் ஒரே மூச்சில் சொன்னீர்கள்: "700 வாங்கு தம்பி, காற்றுக்கு அசையாது." நான்கு வருடங்களுக்கு முன் எனக்கும் இதே யோசனைதான் கிடைத்தது. அதைக் கேட்டு 600 வாங்கினேன். 450, 500, 600, 700 எல்லாம் ஹெலிகாப்டரின் அளவு வகைகள், எண் ஏற ஏற ஹெலிகாப்டர் பெரிது.

நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்கும் காற்று நம் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் தென்னை மட்டையையே பிய்த்துப் போடுகிறது. இருநூறு கிராம் ஹெலிகாப்டர் அதில் காகிதம்போல் அல்லாடும். பெரியது கனமானது, நிதானமாகத் திரும்பும், தொலைவில் போனாலும் மூக்கு எது, வால் எது என்று கண்ணுக்குத் தெரியும். இத்தனையும் உண்மை. ஆனால் புதியவன் காதில் இது மட்டுமே விழுந்தால், பெரியதுதான் பத்திரமானது என்று நினைத்துக்கொள்கிறான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 450 வகையில் பிளேடின் நீளம் 325 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால், நடுவில் பிளேடைப் பிடிக்கும் பகுதியின் நீளத்தையும் சேர்த்து, அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 700இல் 2,000 சுற்று போதும், நுனி வேகம் 600ஐ நெருங்கிவிடும். எடையோ ஐந்து மடங்குக்குக் குறையாது. விரல் ஒரு நொடி தடுமாறினால் எதில் என்ன ஆகும் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு பூங்காவில், தான் பறக்கவிட்ட ஹெலிகாப்டரே தலையில் அடித்து 19 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அவர் அனுபவம் உள்ளவர்.

என் 600 விழுந்த நாளை நீங்கள் மறந்திருக்கலாம். அன்றைக்கு இரண்டாவது பேட்டரியில் பறந்துகொண்டிருந்தது. மூக்கு என்னைப் பார்த்துத் திரும்பியது. அந்த நிலையில் ரிமோட்டின் குச்சியை வலப்புறம் தள்ளினால் ஹெலிகாப்டர் நமக்கு இடப்புறம் சாயும். தெரிந்த விஷயம்தான், ஆனால் விரலுக்கு அது இன்னும் பழகியிருக்கவில்லை. வரப்பில் மோதி உடைந்தது. பிளேடின் துண்டு ஒன்று பறந்து போய்த் தென்னை மரத்தில் முழங்கால் உயரத்தில் குத்தி நின்றது. அங்கிருந்து நான்கு எட்டு தள்ளி என் அக்கா மகன் முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். குறடு போட்டுத்தான் அதைப் பிடுங்க முடிந்தது. கார்பன் சிலாம்பு என் விரலில் இரண்டு நாள் இருந்தது. அவன் முறுக்கைக் கீழே போடக்கூட இல்லை. என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. மெயின் ஷாஃப்ட், வால் குழாய், கியர், இரண்டு செர்வோ என்று செலவான பணத்தைப் பற்றி நான் பேசவே இல்லை.

ஆகவே அந்தப் பையனிடம் 450 வாங்கச் சொல்லுங்கள். வசதி இருந்தால் 500, அதற்குமேல் இப்போது வேண்டாம். 450 ஒரு கிலோவுக்குள் அடங்கும், உதிரிபாகம் மலிவு, விழுந்தாலும் அடுத்த வாரமே களத்துக்கு வந்துவிடலாம். 2021 டிரோன் விதிகளும் 2 கிலோ வரை மைக்ரோ என்றும் அதைத் தாண்டினால் ஸ்மால் என்றும் பிரித்தே வைத்திருக்கின்றன. 700 இரண்டாவது வகையில் வருகிறது. காற்றுக்கு என்ன செய்வது என்பீர்கள். விடிந்ததும் வரச் சொல்லுங்கள், வெயில் ஏறும்வரை தென்னங்கீற்று அசையாது. ஆனி, ஆடியில் கணினியில் சிமுலேட்டர் ஓட்டட்டும். அதில் நூறு முறை விழுந்தாலும் ஒரு திருகாணிகூடச் செலவில்லை. களத்துக்கு வந்தபின் ஹெலிகாப்டரின் காலில் குறுக்குக் குச்சியும் பந்தும் கட்டி, வால் தன் பக்கம் இருக்க ஒரே இடத்தில் நிறுத்தப் பழகட்டும். பிறகு இரண்டு பக்கவாட்டும். கடைசியாக மூக்கு தன்னைப் பார்த்தபடி. இதற்கே பல மாதங்கள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். புதிது வாங்கும்போது நம் பழைய 700ஐ இப்படி வருகிற பையன்களிடமே விற்றுவிடுகிறோம். பிளேடு பிடிக்குள் இருந்து, சுழலும்போது பிளேடை வெளியே இழுக்கும் விசையைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறதா, திருப்பி மாட்டியிருக்கிறதா என்று பார்க்க அவனுக்குத் தெரியாது. அது விட்டுப்போனால் பிளேடு கழன்று பறக்கும். பழையதை அனுபவம் உள்ளவருக்கே கொடுங்கள், விலை குறைந்தாலும் பரவாயில்லை.

நம் களத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள் தாண்டக்கூடாத கோடு ஒன்றுகூட இல்லை. குழந்தைகள் வரப்பில்தான் உட்காருகிறார்கள். பேட்டரியை இணைத்தபின் மோட்டார் சுற்றாமல் தடுக்கும் ஹோல்டு சுவிட்சைப் போடாமலே ஹெலிகாப்டரைத் தூக்கி நடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி நடந்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு அந்தப் பையனை வரச் சொல்லியிருக்கிறேன். என் 450ஐயும் நான்கு பேட்டரிகளையும் எடுத்து வருகிறேன். அரை மூட்டைச் சுண்ணாம்பும் வண்டியில் இருக்கும். கோட்டை எங்கே போடலாம் என்று நீங்கள் வந்து காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி