அண்ணாவின் வான் வண்டிக்கு வெள்ளை பல்ப் வேண்டாம்

ஒஸ்லோ, நோர்வே
நவம்பர் கடைசி

அன்புள்ள அண்ணா,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை வேலை முடிந்து வந்துதான் கேட்டேன். வானின் ஹெட்லைட்டுக்கு அந்த வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் ஒரு சோடி வாங்கப் போகிறீர்கள், அனுராதபுரச் சந்தியில் யாரோ பூட்டித் தருவாராம், பகல் மாதிரி வெளிச்சம் வருமாம். வாங்காதீர்கள். போனில் சொன்னால் "உனக்கென்ன தெரியும், நீ அங்கே வயசாளிகளைப் பார்க்கிற வேலையைப் பார்" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும். போன மாதம் என்னுடைய யாரிஸ் காரின் இரண்டு ஹெட்லைட்டையும் முழுசாகக் கழற்றிவிட்டுப் புதுசு பூட்டினேன், நானே. இவர் இரவு வேலைக்குப் போய் வந்து நித்திரை.

இந்த ஊர் இருட்டைப் பற்றி முந்தியும் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் வந்து பார்த்தால்தான் விளங்கும். திருகோணமலையில் வருசம் முழுக்க ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருளும், கொஞ்சம் முன்பின். இங்கே டிசம்பர் கடைசியில் காலை ஒன்பது தாண்டித்தான் சூரியன் தலை காட்டும், பின்னேரம் மூன்றேகாலுக்கு முன்னமே போய்விடும். வேலைக்குப் போவதும் இருட்டு, வருவதும் இருட்டு. பனி கொட்டிவிட்டால் பரவாயில்லை, நிலம் வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் கொஞ்சம் தெறிக்கும். பனி விழ முந்தின இந்த நவம்பர்தான் மோசம், நனைந்த தார் ரோட்டு வெளிச்சத்தை அப்படியே குடித்துவிடும். நடந்து போகிறவர்கள் உடுப்பில் மின்னுகிற பட்டி ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் போவார்கள், சின்னவளின் பள்ளிக்கூடப் பையிலும் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். பகலிலும் கார் லைட் எரிய வேண்டும் என்று 1980களிலேயே சட்டம் போட்ட நாடு இது. வந்த புதிதில் நல்ல வெயிலில் எல்லோரும் லைட் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துப் பைத்தியங்களா என்று நினைத்தேன்.

அப்புறம் எல்க். மான் சாதிதான், ஆனால் கோட்டை வாசலில் வாழைப்பழத்தோலுக்கு வந்து நிற்கிற மான்களை நினைத்துவிடாதீர்கள். இது குதிரையை விட உயரம், கால் நீளம், உடம்பு கடும் மண்ணிறம். கார் இடித்தால் கால்தான் பம்பரில் படும், முழு உடம்பும் பொனட்டைத் தாண்டி முன்கண்ணாடியில் வந்து விழும். நீங்கள் ஹபரணை ரோட்டில் யானைக்குப் பயந்து ஓடுகிற மாதிரி நாங்கள் இங்கே காட்டு ரோட்டில் எல்க்குக்குப் பயந்து ஓடுகிறோம். இரண்டுமே இருட்டின் நிறத்தில் நிற்கிற மிருகங்கள், லைட் எவ்வளவு தூரத்துக்குப் போகிறதோ அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற நேரம்.

சரி, லைட்டுக்கு வருகிறேன். இங்கே கார் நாலு வயதானதும் ஒருக்கா, அதற்குப் பிறகு இரண்டு வருசத்துக்கு ஒருக்கா பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக், அச்சு, புகை, லைட் எல்லாம் பார்ப்பார்கள். என் காரில் மற்றதெல்லாம் சரி, ஹெட்லைட் மட்டும் தேறவில்லை. வெளிப்புறம் பிளாஸ்ரிக், கண்ணாடி இல்லை. அதன் மேலே இருந்த பாதுகாப்புப் பூச்சு வெயிலில் போய், மஞ்சளாகிப் புகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளுக்குள் ஈரம் போய் வெள்ளிப் பூச்சும் உரிந்திருந்தது. மஞ்சளை அரத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கலாம், நீங்கள் பற்பசை போட்டுத் தேய்க்கிறீர்களே அது மாதிரி, ஆனால் பூச்சு இல்லாத பிளாஸ்ரிக் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும். உள்வெள்ளி உரிந்தால் தேய்த்தும் பிரயோசனம் இல்லை. முழுசாக மாற்றுவதுதான் வழி.

கராஜ்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லித் திரும்பிவிட்டேன். இங்கே பொருள் விலையை விடக் கைக்கூலிதான் கொல்லும். ஒரு மணித்தியாலக் கூலி ஆயிரம் குரோணரைத் தாண்டும், நம் காசில் முப்பதாயிரம் பக்கம். அதனால்தான் இந்த ஊர்ச் சனம் கூரை மேய்வதிலிருந்து குளியலறை கட்டுவது வரைக்கும் தானே செய்யும், டொக்டராக இருந்தாலும் சனிக்கிழமை பழைய களிசானோடு ஏணியில் நிற்பார். ஊரில் நாங்கள் மேசன் பாஸையோ மெக்கானிக் பாஸையோ கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துப் பக்கத்தில் நின்று கதைப்போம், அந்தச் சுகம் இங்கே காசுக்குக் கூடக் கிடைக்காது.

லண்டனில் இருக்கிற மாமாவின் மகன் கேள்விப்பட்டு, தான் அங்கே அரை விலைக்கு வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். நல்ல பெடியன், ஆனால் அது சரிவராது. இதை நீங்கள் கவனமாகப் படியுங்கள், உங்களுக்கும் இது தேவை. கீழ் லைட், அதாவது எதிரே வண்டி வரும்போது போடுகிற லோ பீம், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் விழுவதில்லை. எதிரே வருகிறவனின் கண்ணில் அடிக்காமல் அந்தப் பக்கம் தாழ்ந்தும், ரோட்டோரப் பக்கம் மேலே ஏறியும் விழும். லண்டனில் நம் ஊர் மாதிரி இடப்பக்கம் ஓடுகிறார்கள், இங்கே வலப்பக்கம். லண்டன் லைட்டை இங்கே பூட்டினால் ஏறுகிற வெளிச்சம் நேராக எதிரே வருகிறவனின் முகத்தில் போய் அடிக்கும். ஐரோப்பிய லைட்டில் வட்டத்துக்குள் ஒரு ஈ எழுத்தும் நம்பரும் குத்தியிருக்கும். இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக்குச் செய்தது என்றால் கூடவே ஒரு அம்புக்குறி இருக்கும், வலப்பக்கத்துக்குச் செய்ததில் இருக்காது. உங்களுக்கு நல்ல காலம், ஜப்பானும் இடப்பக்கம்தான். ஜப்பான் வானில் கழற்றின லைட் உங்களுக்கு அப்படியே பொருந்தும். டுபாய்ப் பக்கமிருந்து வந்தது என்று யாராவது மலிவாகக் காட்டினால் தொடவேண்டாம்.

வேலை செய்த இடம் பக்கத்து வீட்டுக் கிழவரின் கராஜ். நான் வெளியே குளிரில் பொனட்டைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் காரை வெளியே எடுத்து விட்டு என்னுடையதை உள்ளே விடச் சொல்லிக் கையைக் காட்டினார். முட்டை வாங்குகிற கடதாசி அட்டைப் பெட்டி ஒன்றையும் பேனையையும் கொண்டுவந்து தந்தார். எதற்கென்று பிறகுதான் விளங்கியது, கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் கிளிப்பையும் ஒரு குழிக்குள் போட்டுப் பக்கத்தில் எங்கே இருந்தது என்று எழுத வேண்டும். பிறகு போய்க் கதிரையில் இருந்து ரேடியோ கேட்டார். ஒரு புத்திமதி கிடையாது. நம் ஊரில் இதற்குள் பத்துப் பேர் கூடியிருப்பார்கள்.

முதலில் பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றினேன். லைட்டைப் பிடித்திருக்கிற ஆணிகளில் மேலே இருப்பவை சுலபம், பத்தாம் நம்பர் சாவி போதும். ஒன்று பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, அதற்காகத்தான் முழுப் பம்பரையும் இறக்க வேண்டி வருகிறது. பம்பர் கிளிப்புகள் குளிரில் அப்பளம் மாதிரி, தட்டைத் திருப்புளியால் நெம்பின உடனே படக்கென்று போய்விடும். தலைமயிர் காய வைக்கிற மெசினால் கொஞ்சம் சூடு காட்டினால் இளகி வரும். சில்லுப் பக்கத்து ஆணிகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன, குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்புக் கொட்டுகிறார்கள், அது கீழே எல்லாவற்றையும் தின்றுவிடும். எண்ணெய் அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்து திருப்பினால் அசைந்தது. பம்பர் கழன்றதும் லைட்டை முன்னால் இழுத்து, பின்பக்கப் பிளக்கின் நாக்கை அமத்திக் கழற்ற வேண்டியதுதான். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

புது லைட்டைப் பூட்டுமுன் பழையதன் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு காதும் துளையும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். குமிழ், அதாவது பல்ப், எச்4 ரகம்தான், உங்கள் ஹையேஸ் வானிலும் அதேதான் என்று நினைக்கிறேன், கழற்றும்போது பாருங்கள். கையுறையோடு பிடியுங்கள், விரல் எண்ணெய் கண்ணாடியில் பட்டால் அந்த இடம் கூடச் சூடாகிக் குமிழ் சீக்கிரம் போய்விடும்.

இனி அந்த வெள்ளை பல்ப் கதை. எச்4 குமிழைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு சுருள் கம்பி இருக்கும், ஒன்று மேல் லைட்டுக்கு, ஒன்று கீழ் லைட்டுக்கு. கீழ் லைட் கம்பிக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடுதான் கீழ்ப்பக்கம் போகிற வெளிச்சத்தை மறைத்து, எதிரே வருகிறவனின் கண்ணுக்கு ஏறாமல் வெட்டுகிறது. லைட்டின் உள்வெள்ளி முழுக்க அந்த மெல்லிய கம்பி நிற்கிற இடத்தைக் கணக்குப் பண்ணி வளைத்தது. எல்.ஈ.டி.யில் வெளிச்சம் வருகிற இடமும் வேறு, தடிப்பும் வேறு. அதனால் வெளிச்சம் கண்டபடி சிதறும். பம்பருக்கு முன்னால் பத்தடி பளிச்சென்று இருப்பதால் ஓட்டுகிறவருக்கு நல்லாகத் தெரிகிற மாதிரி இருக்கும், கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகித் தூரத்து இருட்டைப் பார்க்காமல் விட்டுவிடும். யானை நிற்பது தூரத்தில்தானே. எதிரே வருகிற பஸ்காரனுக்கு ஒன்றுமே தெரியாது. இங்கே கோவிலில் சந்திக்கிற ஆட்களிலும் சிலர் அதைப் போடு என்று எனக்கும் சொன்னார்கள், நான் போடவில்லை.

உங்கள் லைட் மங்கல் என்றால் முதலில் வயரைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியிலும், குமிழின் பிளக்கிலும் மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குமிழுக்குப் போகிற வோல்ற் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது வீதம் பக்கம் குறைந்துவிடும். நம் வீடு கடலுக்குக் கிட்ட, உப்புக்காற்று எர்த் வயரைப் பிடித்திருக்கும். அதைக் கழற்றி அரத்தாளால் தேய்த்துப் பூட்டினாலே பாதி வித்தியாசம் தெரியலாம், காசும் போகாது. அதற்குப் பிறகும் மங்கல் என்றால், கொழும்புக்கு ஹயர் போகும்போது வாகன உதிரிப்பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி ஜப்பான் லைட் பாருங்கள். கொய்டோ, ஸ்டான்லி, இச்சிகோ என்று ஏதாவது ஒரு பெயர் வெளிப் பிளாஸ்ரிக்கில் குத்தியிருக்கும். உள்ளே ஈரம் இருக்கிறதா, காதுகள் ஒட்டுப் போட்டவையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், சோடியாக.

பூட்டின பிறகு உயரம் வைக்காமல் ஓடக்கூடாது, இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான் கிழவரின் கராஜ் கதவில் செய்தேன், நீங்கள் நம் வீட்டு மதிலில் செய்யலாம், முன்னால் தரை சமமாகத்தானே இருக்கிறது. ரயர் காற்றுச் சரியாக இருக்க வேண்டும், ஓட்டுகிற இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும். மதிலுக்கு ஐந்து மீட்டர் தள்ளி வானை நிறுத்தி, நிலத்திலிருந்து குமிழின் நடுப்பகுதி வரை அளந்து அதே உயரத்தில் மதிலில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். கீழ் லைட்டைப் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஐந்து சென்ரிமீட்டர் கீழே நிற்க வேண்டும், அதாவது பத்து மீட்டருக்குப் பத்து சென்ரிமீட்டர் இறக்கம். இடப்பக்கம் மட்டும் சரிவாக ஏறும், அது சரி. லைட்டின் பின்பக்கத்தில் பல்லு வைத்த ஆணி ஒன்று இருக்கும், அதைத் திருப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். உங்களுக்கு இன்னொரு விசயம்: கோணேசர் கோவிலுக்கு வந்த சனத்தையும் அவர்களின் பொதிகளையும் பின்னால் ஏற்றினால் வானின் மூக்கு மேலே எழும்பும், லைட்டும் சேர்ந்து எழும்பும். என் காரில் அதைத் தாழ்த்த ஸ்ரேரிங் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. உங்கள் வானில் இல்லையென்றால் பின்னால் நாலைந்து பேரை இருத்திவிட்டு அளந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெடியன்களைக் கூப்பிட்டால் ஐஸ்கிறீமுக்கு வருவார்கள்.

என் கார் மறுபரிசோதனையில் தேறிவிட்டது. கிழவருக்கு ஒரு தட்டு வடை கொண்டுபோய்க் கொடுத்தேன், உறைப்பில் முகம் சிவந்து போனார், ஆனாலும் தட்டு வெறுமையாகத்தான் திரும்பி வந்தது.

அம்மாவின் கண் கிளினிக்கை இந்த முறை தள்ளிப் போடவேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். சின்னவளுக்கு நோர்வேஜிய மொழி வாயில் ஓடுகிற அளவுக்குத் தமிழ் ஓடவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு வீடியோவில் கதைக்க விடுகிறேன், அம்மா திருத்தினால் கேட்கிறாள், நான் திருத்தினால் முறைக்கிறாள். இந்த மாதக் காசோடு கொஞ்சம் கூட வரும். அது லைட்டுக்கு. கிணற்றடிச் சுவருக்கு எடுத்துவிடாதீர்கள், அதற்குத் தையில் தனியாக அனுப்புகிறேன். வாங்க முதல் லைட்டில் குத்தியிருக்கிற எழுத்தைப் படம் எடுத்து எனக்குப் போடுங்கள், எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
தங்கச்சி