கந்தனை ஏன் தள்ளிவைக்கிறீர்கள்?

நம் ராயபுரம் வாசகர் வட்டத்தின் தேர்வுக்குழுத் தோழர்களுக்கு,

வணக்கம். அடுத்த கூட்டத்துக்கு ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' நாவல் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். கந்தன் என்ற ரவுடிதான் அதன் நாயகன். "எழுத்து பிரமாதம், ஆனா கந்தனைச் சகிக்க முடியல" என்று வாட்ஸப்பில் காரணம் போட்டிருந்தீர்கள். டீக்கடையில் இன்னொன்றும் சொன்னீர்கள்: வடசென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும்தான் என்று சினிமாக்காரர்கள் காட்டுவது போதாதா, நாமும் ரவுடிக் கதையைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமா?

அந்தக் கோபம் புரிகிறது. விண்ணப்பத்தில் காசிமேடு என்று பார்த்ததும் முகம் மாறுகிறவர்கள் நமக்குப் புதிதில்லை. ஆனால் சினிமா ரவுடியை வெறுக்கவே விடுவதில்லையே! பின்னணி இசை போட்டு, மெதுவாக நடக்க விட்டு, கொஞ்சம் அம்மா பாசத்தையும் ஒட்டிக் கைதட்டல் வாங்கித் தந்துவிடும். 1974இல் வந்த இந்த நாவலில் கந்தனுக்கு அந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஒரே ஒரு நாள். குடி, அடிதடி, மனைவி மீனா உடலை விற்றுக் கொண்டுவரும் சம்பாத்தியம். நாகராஜன் அவனைத் திட்டுவதும் இல்லை, அவனுக்கு வக்காலத்து வாங்குவதும் இல்லை. அலட்டலே இல்லாத அந்த நடைதான் நம்மை நெளிய வைக்கிறது. அப்புறம் எப்படி நடைக்குத் தனியாக, ஆளுக்குத் தனியாக மார்க் போடுவது?

நபக்கோவின் 'லோலிடா' (1955) வேறு வகை. அங்கே ஒரு சிறுமியைச் சீரழிக்கும் கயவன் ஹம்பர்ட்டே கதை சொல்கிறான், அதுவும் மயக்கும் மொழியில். கொலைகாரனிடம் அலங்கார நடைக்குக் குறைவிருக்காது என்று அவன் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான். ஆனாலும் அந்தச் சிறுமி ஒவ்வொரு ராத்திரியும், அவன் தூங்குவதுபோல நடித்ததும் அழுவாள் என்பதும் அவன் வாயிலிருந்தே வந்துவிடுகிறது. அதைப் படித்த பிறகு அவன் மொழியின் அழகே குமட்டுகிறது.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. பரிசோதனை என்ற பேரில் வரும் சில நாவல்களில் வாக்கியம் குட்டிக்கரணம் போடும், காலம் முன்னும் பின்னும் ஓடும், நாயகன் பக்கம் பக்கமாகத் தன்னையே ரசித்துக்கொண்டிருப்பான்; அவனிடம் மாட்டிய பெண்ணுக்குப் பேர்கூட இருக்காது. கேட்டால் 'வடிவம்' என்பார்கள். அதையெல்லாம் தாராளமாகத் தள்ளுங்கள், நானும் கை தூக்குகிறேன். ஆள் நல்லவனா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவனிடம் சிக்கியவர்களுக்கு அந்த எழுத்து உயிர் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். மீனாவுக்குக் கொடுத்திருக்கிறது.

ஆகவே நாவலைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். கந்தனைப் பிடிக்காதவர்கள் கூட்டத்துக்கு வந்தே திட்டட்டும். சனிக்கிழமை சாயங்காலம் வைத்தால் துறைமுகத்தில் ஷிப்ட் முடித்தவர்களும் வரலாம். பிரதிகள் வாங்கித் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து வரும் பழைய உறுப்பினர்