வெளிச்சம் முந்தி, சத்தம் பிந்தி

பலெர்மோ, இத்தாலி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்து, இப்போது தானே பேப்பர் வாசிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெரிய ஆறுதல். துளி மருந்தை நேரத்துக்கு விடச் சொல், அதில் மட்டும் கவனம் குறையக் கூடாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மூத்தவளோடு ஸ்ட்ரொம்போலி எரிமலைத் தீவுக்குப் போகிறேன் என்று நான் எழுதியதற்கு, "காசு கொடுத்து, இருட்டுக்குள், வெடிக்கிற மலையைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? நாங்கள் பார்க்காத வெடியா?" என்று கேட்டிருந்தாய். போவதற்கு முன்னால் எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. போய் வந்துவிட்டேன். உன்னோடு ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டிய விஷயம் அது. போனில் சொன்னால் பாதிதான் வரும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கிருந்து ரயிலில் மிலாத்சோ. அங்கிருந்து விரைவுப் படகு. வழியில் வுல்கானோ தீவில் படகு நின்றபோதே கந்தக மணம் மூக்கில் ஏறியது. லீப்பரி, பனாரேயா எல்லாம் தாண்டி, கடைசியில் தனியே ஒரு கூம்பு கடலுக்குள் நிற்கிறது. கடலுக்கு மேலே 924 மீட்டர், கடலுக்குக் கீழே இன்னும் ஏறக்குறைய 2000 மீட்டர். தீவு என்று நாங்கள் சொல்வது அந்த மலையின் தலைப்பகுதியைத்தான். அதன் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சதுர வீடுகள். நிரந்தரமாக இருப்பவர்கள் நானூறு, ஐந்நூறு பேர். கடற்கரை மணல் கறுப்பு. ஆறோ குளமோ கிடையாது. மழைநீரைக் கூரையில் பிடித்து நிலத்தடித் தொட்டியில் சேர்க்கிறார்கள், போதாததைக் கப்பலில் கொண்டுவருகிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா, முற்றத்தில் நிற்கிற கேப்பர் செடியின் மொட்டுகளை உப்பிலே போட்டு வைத்திருந்தார். அதோடு தக்காளியும் பாணும் தந்தார். அவ்வளவுதான் சாப்பாடு, ஆனால் அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

எட்னா எரிமலையை விட்டுவிட்டு ஏன் இந்தச் சின்ன மலை என்று கேட்பாய். எட்னா 3300 மீட்டருக்கு மேலே, மிகப் பெரியது. ஆனால் அது வெடிப்பதும் அடங்குவதும் அதன் விருப்பம். இது அப்படியில்லை. பத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நெருப்பைத் துப்புகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் வழக்கம். பழைய மாலுமிகள் இதை மத்தியதரைக் கடலின் வெளிச்சவீடு என்றார்கள். உலகத்தில் எங்கே ஒரு எரிமலை இப்படி விட்டுவிட்டு வெடித்தாலும் அந்த வகைக்கு இந்தத் தீவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பின்னேரம் வழிகாட்டியோடு வெளிக்கிட்டோம். தலைக்கு ஹெல்மெட், நெற்றியில் கட்டுகிற ரோச் லைற், காலுக்குக் கனமான சப்பாத்து. ஒரு காலத்தில் உச்சி வரைக்கும் விடுவார்கள். 2019இல் நடந்த பெரிய வெடிப்புகளுக்குப் பிறகு அது நின்றுவிட்டது. நாங்கள் போன நேரம் வழிகாட்டியோடு 400 மீட்டர் உயரம் வரைக்கும்தான் அனுமதி. பாதையில் முதலில் நாணல், பிறகு மஞ்சள் பூப் பூக்கும் செடிகள், அதற்கு மேலே வெறும் சாம்பலும் கல்லும். 2022 மே மாதம் ஒரு தொலைக்காட்சித் தொடர் படப்பிடிப்பில் மூட்டிய நெருப்பு பரவி, இந்தச் சரிவில் பெரும் பகுதி எரிந்துபோனது. மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லாமல், அந்த ஓகஸ்டில் பெய்த மழையில் சேறு முழுக்க ஊருக்குள் இறங்கியது. எரிமலை செய்யாத கேட்டை மனிதர்கள் ஒரு நாளில் செய்துவிட்டார்கள் என்று அந்த வீட்டுக்கார அம்மா சொன்னபோது அவர் குரலில் இருந்த கோபம் நியாயமானது.

மேலே போய்ச் சேர்ந்தபோது சூரியன் இன்னும் கடலுக்கு மேலே நின்றது. எங்களுக்குப் பக்கத்தில் மலையின் வடமேற்குப் பக்கம் முழுவதும் சரிந்து, உச்சியில் இருந்து கடல் வரைக்கும் ஒரே கறுப்புச் சறுக்கு. சியாரா டெல் ஃபுவோகோ என்கிறார்கள். மலை துப்புகிற கல் பெரும்பாலும் இதற்குள்ளே விழுந்து கடலுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் மற்றப் பக்கங்களில் ஊர் இருக்க முடிகிறது. பகல் வெளிச்சத்தில் மேலே இருந்து ஒரு பழுப்புப் புகை எழும்பியது, கொஞ்சம் பொறுத்து ஒரு உறுமல். இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

இருட்டத் தொடங்கியதும் கதையே வேறு. பகலில் வெறும் புகையாகத் தெரிந்ததன் அடிப்பக்கம் மெல்லச் சிவந்தது. துருத்தி ஊதும்போது கொல்லன் உலையில் கரி சிவக்குமே, அந்தச் சிவப்பு. வழிகாட்டி எல்லோருடைய லைற்றையும் நிற்பாட்டச் சொன்னார். பிறகு திடீரென்று, சத்தமே இல்லாமல், நெருப்பு மேலே எழும்பியது. நூறு மீட்டர் இருக்கும். எழும்பி, ஒரு கணம் நின்று, குடை விரிந்து, துண்டு துண்டாகக் கீழே விழத் தொடங்கியது. அந்த நேரம்தான் சத்தம் வந்தது. காதுக்கு முதல் நெஞ்சில் பட்டது.

மச்சான், அந்தச் சத்தம் கேட்டதும் என் உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. இவ்வளவு வருடத்துக்குப் பிறகும். பக்கத்தில் இருந்த மகள் என் கையைப் பிடித்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். சண்டைக் காலத்தில் முதலில் ஆமி முகாம் பக்கம் ஷெல் குத்துகிற சத்தம் கேட்கும். உடனே எண்ணத் தொடங்குவோம். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கொண்டே பங்கருக்குள் பாய்வோம். சத்தம் முந்தி, நெருப்புப் பிந்தி. அந்த எண்ணிக்கைக்குள்தான் எங்கள் உயிர் இருந்தது. எங்கே விழப்போகிறது, யாருடைய வளவில் என்று தெரியாத அந்த நேரம்தான் மிகப் பெரிய பயம்.

இங்கே அது தலைகீழ். வெளிச்சம் முந்தி, சத்தம் பிந்தி. அடுத்த வெடிக்கு நான் என்னை அறியாமல் எண்ணினேன். சிவப்பு எழும்பியதில் இருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்குள் உறுமல் வந்து சேர்ந்தது. ஒரு கிலோமீட்டர் அளவு தூரம் என்று மகள் கணக்குச் சொன்னாள். அந்தச் சத்தம் வரும்போது நடக்க வேண்டியது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். கல் எங்கே விழுந்தது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் காது கேட்கிறது. பயப்படுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க, உடம்பில் எங்கேயோ முறுகிக் கிடந்த ஒன்று இளகத் தொடங்கியது. கடைசியில் வந்த வெடிகளுக்கு நான் குனியவில்லை. நிமிர்ந்து இருந்து பார்த்தேன். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

வெடிக்குப் பிறகு இன்னொரு சத்தம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். விழுந்த கற்கள் சறுக்கில் உருண்டு போகும். சிவப்பாக இருக்கிற ஒரு பெரிய கட்டி பாறையில் மோதி நாலாக உடையும், ஒவ்வொன்றும் குதித்துக் குதித்துக் கீழே இறங்கும், போகப்போகக் கறுத்துவிடும். கண்ணுக்கு மறைந்த பிறகும் சரசரவென்று கல் உருளும் சத்தம் மட்டும் இருட்டுக்குள்ளே கடல் வரைக்கும் போகும். கீழே கடலில் பார்வையாளர்களின் படகுகள் சின்னச் சின்ன வெளிச்சமாக நின்றன.

மகள் புவிச்சரிதவியல் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? இருட்டில் இருந்தபடி விளக்கினாள். கீழே இருக்கிற பாறைக்குழம்பின் சூடு 1100 பாகை அளவு. அதற்குள் நீராவி, கரியமிலவாயு, கந்தக வாயு எல்லாம் கரைந்து இருக்கிறது. மேலே வரவர அமுக்கம் குறைந்து வாயு குமிழியாகப் பிரிகிறது. சின்னக் குமிழிகள் சேர்ந்து குழாயை அடைக்கிற அளவு பெரிதாகி மேலே ஏறும். மேற்பரப்பில் அது வெடிக்கும்போது, மேலே இருக்கிற குழம்பைக் கிழித்து எறிகிறது. நாங்கள் பார்க்கிற சிவப்புத் துண்டுகள் அதுதான். குழாய் எப்போதும் திறந்திருப்பதால் அமுக்கம் சேர்ந்து பெரிதாக நேரமில்லை, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகிறது. ஆழத்தில் இருந்து வாயு நிறைந்த புதுக் குழம்பு வேகமாக ஏறிவந்தால்தான் ஆபத்து. 2019 ஜூலை 3ஆம் திகதி பிற்பகல் அப்படித்தான் நடந்தது. மலையேறிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். ஓகஸ்ட் 28ஆம் திகதி இன்னொன்று. இப்போது மலை நுண்ணளவில் வீங்குவதை அளக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள், வீக்கம் கூடினால் சைரன் ஊதும். சைரன் என்றதும் எனக்கு வேறு நினைவுதான் வரும், ஆனால் இந்த சைரன் ஆட்களைக் காப்பாற்ற வைத்தது.

அடுத்த நாள் காலை கடற்கரையில் நடந்தபோது சுனாமி அறிவிப்புப் பலகைகளைப் பார்த்தேன். அலைக்கு முன்னால் ஓடுகிற மனிதப் படம், மேட்டுப் பக்கம் காட்டும் அம்புக்குறி. 2002 டிசம்பர் 30ஆம் திகதி அந்தச் சறுக்கில் ஒரு பெரும் பகுதி கடலுக்குள் சரிந்து, அலை எழும்பி ஊர்க் கரையை அடித்தது. குளிர்காலம், உல்லாசப் பயணிகள் இல்லை. உயிர் போகவில்லை. அந்தப் பலகைக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடத்தில், 2004 சுனாமி வந்தபோது, எங்கள் கடற்கரையில் ஒரு பலகையும் இல்லை, சைரனும் இல்லை. வடமராட்சி கிழக்கில் உன் மாமா குடும்பத்தை நினைத்தேன். கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று எழுதிய ஒரு தகரப் பலகை அன்றைக்கு அங்கே நின்றிருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கையில் இன்றும் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. ஊருக்குள் பூட்டிய வீடுகள், இடிந்த சுவர்கள் நிறைய. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தீவில் இரண்டாயிரத்துக்கு மேல் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். முதலில் பூச்சி வந்து திராட்சைத் தோட்டங்கள் அழிந்தன. பிறகு 1930 செப்டம்பர் 11ஆம் திகதி மலை பெரிதாக வெடித்து ஆட்கள் இறந்தார்கள். அவுஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். எங்கள் வழிகாட்டியின் பாட்டனாரின் சகோதரர்கள் எல்லோரும் அவுஸ்திரேலியா போய்விட்டார்களாம், பாட்டனார் மட்டும் இருந்துவிட்டாராம். நீ இருந்துவிட்டாய், நான் போய்விட்டேன். எது சரி என்று நாங்கள் இளமையில் எவ்வளவு சண்டை பிடித்திருப்போம்! போன வீடுகளின் திறப்பை இருந்தவர்கள் வைத்துக்கொண்டு, மழைக்காலத்துக்கு முன்னால் கூரையைப் பார்த்துக் கொடுப்பார்களாம். நீ எங்கள் வளவுக்குச் செய்வதும் அதுதானே. உனக்கு நான் ஒருநாளும் இதை நேராகச் சொன்னதில்லை. நன்றி மச்சான்.

மலையால் இறங்கி வந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் தெருவிளக்கு இல்லை. வேண்டும் என்றே போடாமல் விட்டிருக்கிறார்கள். ஒழுங்கைகளில் அவரவர் கையில் ஒரு சின்ன லைற். மகளுக்கு அது புதுமை. எனக்கு 90களில் கரண்ட் இல்லாத எங்கள் ஒழுங்கைகள், ஜாம் போத்தல் விளக்கு, ரியூசனுக்குப் போய்த் திரும்பி வருகிற நாங்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அவளுக்கு அன்றைக்குத்தான் அந்தக் கதைகளை முழுதாகச் சொன்னேன். இங்கே பிறந்த பிள்ளை, இவ்வளவு காலமும் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. விடிய ஒரு மணி வரைக்கும் மொட்டைமாடியில் இருந்து கதைத்தோம். நடு நடுவே மலை உறுமியது. உன்னைப் பற்றியும் நிறையக் கேட்டாள்.

அதனால் இந்த முறையாவது நீ வர வேண்டும். செப்டம்பர் 4ஆம் திகதி இங்கே பலெர்மோவின் காவல் புனிதர் சாந்தா ரொசாலியாவின் திருநாள். பெல்லெக்ரினோ மலைக்கு எங்கள் ஆட்கள் சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்று பாராமல் வெறுங்காலோடு ஏறுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, கடல் கொந்தளிக்கும் காலம் தொடங்குவதற்கு முன்னால் ஸ்ட்ரொம்போலிக்குப் போகலாம். மலை ஏற முழங்கால் இடம் கொடுக்காது என்று சொல்லாதே, படகில் இருந்தும் பார்க்கலாம், கரையில் இருந்தே நல்லாய்த் தெரிகிற இடமும் இருக்கிறது. விசாவுக்கு அழைப்புக் கடிதம் நான் செய்து அனுப்புகிறேன். உன் பாஸ்போட்டின் முதல் பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. அது முடிகிற திகதியையும் ஒருக்கால் பார், நீ திரும்பிப் போகிற நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு என் அன்பு. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி