வினைல் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடை, அலுவலகம், கிளினிக் என்று எங்கே பார்த்தாலும் இப்போது பசை போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் வகையான வினைல் தரைதான், ஆனால் அதைத் துடைக்கும் விதம் மட்டும் இன்னும் சிமெண்ட் தரைக் காலத்திலேயே நிற்கிறது. ஒரு வாளி தண்ணீர், கை போன போக்கில் பிளீச்சிங் பவுடர், சொட்டச் சொட்ட மாப். அந்தத் தண்ணீர் இணைப்புகள் வழியாக அடியில் இறங்கிப் பசையை இளக்கி, ஓரம் தூக்கிக்கொண்டு நின்ற பிறகு, தரை போட்டவரைத் திட்டி என்ன பயன்?

தண்ணீரைவிடப் பெரிய எதிரி மணல். காலணியில் ஒட்டிவரும் பொடி மணலைப் பெருக்கி எடுக்காமல் ஈர மாப்பைப் போட்டால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். வாசலில் நல்ல மிதியடி போடுங்கள், ஆனால் ரப்பர் அடிப்பாகம் உள்ளது வேண்டாம். ரப்பரில் இருக்கும் வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகிவிடும், அது எந்த சோப்புக்கும் மசியாது.

சரி, எதில் துடைப்பது? பி.எச். 7-ஐ ஒட்டிய, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைத் துப்புரவுத் திரவம், பாட்டிலில் போட்டிருக்கும் அளவு மட்டும். கூட ஊற்றினால் பிசுபிசுப்பு படிந்து அழுக்கை இழுக்கும்.

பழைய பாலிஷை எடுக்காமல் அதன் மேலேயே பூசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மூலைகளில் பழுப்பேறுவது பெரும்பாலும் தரை இல்லை, பாலிஷ்தான். பாலியூரித்தேன் என்ற பாதுகாப்புப் பூச்சோடு வரும் தரை பலவற்றுக்குப் பாலிஷே தேவையில்லை. தயாரிப்பாளரின் பராமரிப்புக் குறிப்பை மேலாளரின் மேசையில் பூட்டி வைக்காமல் துடைக்கிறவர் கையில் கொடுங்கள்.

– வாசகர் ஒருவர்