திமிங்கிலம் பார்க்கப் படகு கட்டாயமில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் சிட்னி பயணக் கட்டுரையில், திமிங்கிலம் பார்க்கப் படகுக்கு டிக்கெட் எடுப்பது ஒன்றுதான் வழி என்பது போல எழுதியிருந்தார்கள். இல்லவே இல்லை. ஜூன், ஜூலையில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களைப் படகில் ஏற்றி, அவர்கள் பாதி நேரம் வாந்திப் பையும் கையுமாக உட்கார்ந்திருக்க, அதற்குக் காசு வேறு எதற்கு?

சிட்னியின் தெற்கில் கர்னெல் பக்கம் கேப் சொலாண்டர் என்று ஒரு கடல் முனை இருக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் காருக்குக் கட்டணம் உண்டு, அவ்வளவுதான் செலவு. அண்டார்டிகாவில் கோடை முழுக்கக் கிரில் என்ற இறால் மாதிரிச் சின்ன உயிர்களைத் தின்று கொழுத்த ஹம்ப்பேக் திமிங்கிலங்கள், குட்டி போட வடக்கே குவீன்ஸ்லாந்தின் வெதுவெதுப்பான கடலுக்குப் போகிற வழி அது. கரையை ஒட்டியே போகும். கார் இல்லாதவர்கள் மேன்லிக்கு ஃபெரியில் போய் அங்கே நார்த் ஹெட் முனையில் நின்று பார்க்கலாம்.

போனதும் பைனாகுலரை எடுக்காதீர்கள். வெறுங்கண்ணால் கடல் முழுவதையும் மேய்ந்துகொண்டே இருந்தால் எங்காவது வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று எழும், அதுதான் அதன் மூச்சு, அப்புறம் பைனாகுலர். வாலைத் தூக்கிக்கொண்டு முங்கிவிட்டால் அதே இடத்தையே பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை, சில நிமிடம் கழித்து இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் எழும். காற்று பலமாக அடித்து கடல் முழுக்க நுரை தெரிகிற நாளில் போகாதீர்கள், எது அலை எது மூச்சு என்றே தெரியாது. காலையில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், மதியத்துக்கு மேல் முதுகுப் பக்கம் போய்விடும். பாறை விளிம்புக்கு மட்டும் யாரும் போகவேண்டாம், செல்ஃபிக்காகக்கூட.

படகில் போனால் கிட்டத்தில் பார்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் படகும் 100 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது, குட்டி கூட இருந்தால் 300 மீட்டர் என்பது இங்கே சட்டம். அது ஏன் என்று கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். இதே கடற்கரையில் பைரன் பேயிலும், குவீன்ஸ்லாந்தின் டங்கலூமாவிலும் 1962 வரை இவற்றைக் கொன்று எண்ணெய் எடுத்தார்கள். சட்டம் வந்து நிறுத்தவில்லை, பிடிக்கத் திமிங்கிலம் இல்லாமல் போனதால் மூடினார்கள்! தடை 1963இல்தான் வந்தது. அப்போது சில நூறுதான் மிச்சம். இன்று 40,000க்கும் மேல், 2022இல் ஆஸ்திரேலிய அரசின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். டங்கலூமா இப்போது ஒரு ரிசார்ட், டால்பினுக்கு மீன் போடலாம் என்று ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று, சீசன் ஜூலையோடு முடிந்துவிடும் என்று கட்டுரையில் போட்டிருப்பது தவறு. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அவை தெற்கே திரும்பி வரும், அப்போதுதான் குட்டியோடு பார்க்கலாம். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள், தீபாவளி லீவுக்கு வருகிறவர்களுக்காவது உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வென்ட்வொர்த்வில், சிட்னி