தரங்கம்பாடிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களே,

வணக்கம். நான் பொறையாற்றுக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் தரங்கம்பாடிக் கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வருவது வழக்கம். டிசம்பர், ஜனவரியில் உங்கள் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். பிள்ளைகள் உள்ளே போவார்கள், இருபது நிமிடத்தில் வெளியே வருவார்கள், கடலைப் பின்னால் வைத்து ஒரு போட்டோ, அவ்வளவுதான். அடுத்து திருக்கடையூர், நாகூர், வேளாங்கண்ணி என்று போக வேண்டியிருக்கிறது. ஐம்பது தலைகளை எண்ணி எண்ணி நீங்கள் படும் பாடும் தெரியாததில்லை. ஆனாலும் கேட்கிறேன், இந்தக் கோட்டைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மிளகு வாங்க வந்தவர்கள் டேனிஷ்காரர்கள், அதாவது டென்மார்க் நாட்டவர்கள். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை பேசி இடம் பெற்றுக் கட்டியது இந்தக் கோட்டை. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பயணியர் விடுதியாகவும் இருந்து, 1970களின் கடைசியில்தான் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமானது. இதெல்லாம் பலகையிலேயே படித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளை முதலில் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாலும் எல்லாரும் மேலே ஏறிக் கடலைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள். மேலே ஆளுநர் வாழ்ந்தார். கீழேதான் கிட்டங்கி, சமையலறை, சிப்பாய்களின் அறைகள், சிறை எல்லாம். வளைந்த கூரைக்கு அடியில், காற்று அவ்வளவாக வராத அறையில் ஒரு நிமிடம் சும்மா நிற்கச் சொல்லுங்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பது அவர்களுக்குத் தானே விளங்கும்.

இந்தக் கோட்டைக்குள்தான் சீகன்பால்குவை 1708இல் அடைத்தார்கள். டேனிஷ் அரசர் அனுப்பிய பாதிரியாரை டேனிஷ் ஆளுநரே நான்கு மாதம் சிறை வைத்தார். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் "ஏன் சார்?" என்று கேட்காமல் இருக்காது. அந்தக் கேள்வியிலிருந்து பாடத்தை ஆரம்பியுங்கள். 1706 ஜூலையில் வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிரம்பவில்லை. தமிழ் படிக்க என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஒன்பதே ஆண்டில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. அதற்காகப் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், காகிதப் பட்டறையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பேர் எங்கள் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. பஸ் அந்த வழியாகப் போனால் கண்டிப்பாகக் காட்டுங்கள்.

போன வருஷம் ஒரு சிறுமியைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு இருக்கும். பீங்கான், வாள், ஈட்டி எல்லாவற்றையும் தாண்டிப் போய்ச் சீனத் தேயிலை ஜாடியின் முன்னால் குனிந்து நின்றாள். "எங்க பாட்டி ஊறுகா ஜாடி மாதிரியே இருக்கு" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். அதற்குள் விசில் ஊதிவிட்டது, ஓடிவிட்டாள். சீனத்து ஜாடி டேனிஷ் கோட்டைக்கு எப்படி வந்தது என்று அவளுக்கு யாராவது ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் கடல் வணிகம் முழுவதும் அந்த ஜாடியிலேயே புரிந்திருக்கும். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இன்னொன்று. இந்த ஊரின் கதை டேனிஷ்காரர்களோடு ஆரம்பிப்பதாகத் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். கோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1305இல் எழுந்தது. அதன் கல்வெட்டில் ஊரின் பேர் சடங்கன்பாடி. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டையைப் பார்த்த கையோடு பிள்ளைகளை அங்கேயும் நிறுத்துங்கள். 2004 சுனாமியைப் பற்றி அங்கே நின்று பேசினால் கேட்பார்கள். மீனவர் தெருவில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களையே பேசச் சொல்லலாம். எங்கள் ஊர்க்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கோட்டை எதிரே உள்ள மைதானத்தில் வெயில் தாங்காது. ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் எடுத்து வரச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம். அப்புறம், அந்த விசிலைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
பொறையாற்றிலிருந்து ஒரு வாசகன்